"முதல் மாடிதானே" என்று சொல்லாதீர்கள்

கட்டட வேலையில் ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் உடனே வரும் கேள்வி, "எத்தனையாவது மாடி?" பத்தாவது என்றால் பதறுகிறார்கள். முதல் மாடிச் சாரம் என்றால் "நல்லவேளை" என்கிறார்கள். அந்த நல்லவேளைதான் எனக்கு எரிச்சல்.

3 மீட்டரிலிருந்து விழுபவர் தரைக்கு வர ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எதையும் எட்டிப் பிடிக்க நேரமில்லை. நின்றவாக்கில் விழுந்தாலும் குதிகால் எலும்பு நொறுங்கி, அதே அடி மேலேறி இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பையும் உடைப்பதுண்டு. குதிகால் உடைந்து வந்தவருக்கு மருத்துவர்கள் முதுகையும் பார்ப்பது அதனால்தான். தலையில் அடி என்றால் கேட்கவே வேண்டாம். தாடைவார் மாட்டாத ஹெல்மெட் பாதி வழியிலேயே கழன்றுவிடும்.

"பெல்ட் போட்டிருக்கலாமே?" சரி, போட்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். 1.8 மீட்டர் கயிறு, அதிர்வைத் தாங்கும் பட்டை பிரிந்து நீள்வது, தொங்கும் ஆளின் உயரம் எல்லாம் சேர்த்தால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே சுமார் 5.5 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். முதல் மாடிச் சாரத்தில் அதற்கு எங்கே போவது? கயிறு இறுகி நிற்பதற்குள் ஆள் தரையில் கிடப்பார். அங்கே காப்பாற்றுவது ஓரத் தடுப்புதான்: இடுப்புக்கு மேல் ஒரு குறுக்குக் குழாய், நடுவில் இன்னொன்று, இடைவெளி விடாமல் கட்டிய பலகைகள். உயரத்தில் வேலை செய்வது பற்றிய பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகள், இத்தனை உயரத்துக்கு மேல்தான் பாதுகாப்பு வேண்டும் என்று ஓர் அளவை வைக்கவே இல்லை. விழுந்தால் காயம்படும் என்ற நிலை இருந்தாலே பாதுகாப்பு கட்டாயம்.

பெல்ட் கொடுத்துவிட்டால் பொறுப்பு தொழிலாளியின் தலையில். தடுப்பு கட்டுவதென்றால் அது மேஸ்திரி, ஒப்பந்தக்காரர் தலையில். எது அதிகம் நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தளத்தில் விட்ட துவாரங்கள் இன்னும் மோசம். ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஆணியும் இல்லை, மேலே ஓர் எச்சரிக்கையும் இல்லை. சும்மா கிடக்கும் பலகைதானே என்று ஒருவர் இரு கைகளாலும் தூக்குவார். முகத்துக்கு நேரே பலகை, காலடி தெரியாது. ஓர் எட்டு வைத்தால் உள்ளே. அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். ஆணி அடிக்காதவர் பெயர் அதில் வராது.

அப்புறம் இன்னொன்று. விழுந்தவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கி, கிடைத்த வண்டியில் மடக்கிப் போடாதீர்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால், நடக்க வேண்டியவர் அந்தத் தூக்கலிலேயே முடங்கிப்போகலாம். மூச்சு இருக்கிறதா, ரத்தம் கொட்டுகிறதா என்று பாருங்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழையுங்கள்.