ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லாத ஊர்

பிரான்சின் திஜோன் நகரில் படிக்கிறேன். போன வாரக் கடைசியில், ஒயினுக்குப் பேர்போன பர்கண்டி பகுதியின் மெர்சோ கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கினேன். ஊரைக் குறை சொல்லவே முடியாது. வீட்டுக்கார அம்மா என்னைத் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், ஒரே சரிவில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் மண் எப்படி மாறுகிறது என்று கையில் அள்ளிக் காட்டினார். இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர் உண்டு, 'கிளிமா' என்பார்கள். 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை.

சரி, ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டுமே! நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் அன்றைக்கு ஒரு பஸ்கூட இல்லை. கடைகளும் மூடிக் கிடந்தன. மதியச் சாப்பாட்டில் அந்த அம்மாவும் ஒயின் குடித்திருந்தார், அவரைக் கார் எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வொல்னே, பொமார் வழியாக போன் (Beaune) நகரம் வரை ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தேன். ரயிலையும் தவறவிட்டேன்.

உலகமே தேடி வரும் ஊர்கள் இவை. கார் வாங்க வசதியில்லாத மாணவர்களும் வருவார்கள்தானே? மாலையில் ஒரே ஒரு பஸ் விட்டால் என்ன?