ஆயில் ஃபில்டர் என்னும் வேண்டுதல்

வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றினால் காசு மிச்சம் என்று சொன்ன புண்ணியவான் எவரோ, என் முழங்கை வழியே அக்குள்வரை வழிந்த கறுப்பு எண்ணெயை அவரே வந்து துடைத்துவிட்டுப் போகட்டும். ஃபில்டரை இன்ஜினின் பக்கவாட்டில் படுக்கை வசத்தில் பொருத்திய மேதை, ஒருமுறையாவது அதைத் தன் கையால் கழற்றிப் பார்த்திருப்பாரா? அரைச்சுற்று தளர்த்தியதுமே எண்ணெய் கொட்டுகிறது. கீழே வைத்த தட்டில் மட்டும் ஒரு சொட்டும் விழுவதில்லை.

அதுகூடப் போகட்டும். ஃபில்டர் கையோடு வந்துவிட, கசிவைத் தடுக்கும் அதன் ரப்பர் வளையமான கேஸ்கட் மட்டும் மாமனார் வீட்டை விட்டு நகர மறுக்கும் மாப்பிள்ளையைப் போல இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. புதிய கேஸ்கட்டில் எண்ணெய் தடவி, அது பழையதன் மேல் தொட்ட பிறகு முக்கால் சுற்று என்று சாஸ்திரப்படி முறுக்கினேன். வண்டியைக் கிளப்பியதும் இரண்டு கேஸ்கட்டுகளுக்கும் இடையிலிருந்து புது எண்ணெய் பீறிட்டுத் தரையில் கோலம் போட்டது.

மறுபடியும் ஓடிப்போய் வாங்கிய மலிவு ஃபில்டரிலோ, எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கவேண்டிய ரப்பர் வால்வு பெயருக்குத்தான் இருக்கிறது போலும். இரவெல்லாம் எண்ணெய் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிட, காலையில் சாவியைத் திருப்பினால் எண்ணெய் எட்டாத இன்ஜினிலிருந்து தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கும் சத்தம் கேட்கிறது. “டீசல் வண்டியா சார்?” என்று விசாரிக்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.