செட்டிநாட்டு ஓடுதளமும் அதற்கு வேண்டிய இரண்டாங்கட்டும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்து, பின்னர் கைவிடப்பட்ட செட்டிநாட்டு விமான ஓடுதளத்தை மீண்டும் திறக்கவேண்டும் என்ற கோரிக்கை எங்கள் பகுதியில் அவ்வப்போது எழுகிறது. கோரிக்கை நியாயமானது, நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் பேச்சு எல்லாம் ஓடுதளத்தின் நீளத்தோடு முடிந்துவிடுவது எனக்குக் கவலை அளிக்கிறது.

நம் ஊர் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பையும் உள்முற்றமான வளவையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கல்யாணம், முன்னோர்க்குச் செய்யும் படைப்பு என்று நூறு பேர் கூடும்போது வீட்டைத் தாங்குவது பின்பகுதியில் உள்ள இரண்டாங்கட்டும் அடுப்படியும்தான். தனியார் தங்கள் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தும் தனி விமானங்களின் தொழிலில் அந்த வேலையைச் செய்வது தரைச்சேவை. விமானம் வந்து நின்றதும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் குளிர்சாதனத்துக்காகவே வாலில் உள்ள துணை இயந்திரம் எரிபொருளைக் குடித்துக்கொண்டிருக்கும். எரிபொருள் நிரப்புதல், கழிவறைத் தொட்டியைச் சுத்தம் செய்தல், உணவு ஏற்றுதல், இழுவை வண்டியால் ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகைக்குள் கொண்டுபோதல், அடுத்த பயணத்துக்கான பறத்தல் திட்டத்தைப் பதிவு செய்தல், பணி நேர வரம்பு முடிந்த விமானிக்குத் தங்கும் அறை கொடுத்தல், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கமும் குடியேற்றச் சோதனையும் முடித்துக்கொடுத்தல் என்று வேலைகள் நீளுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே கூரையின்கீழ் செய்யும் நிறுவனத்தை எஃப்.பி.ஓ. என்கிறார்கள். அமெரிக்காவில் சிற்றூர் விமான நிலையங்களில்கூட இது உண்டு. இந்தியாவில் தலைநகர் டெல்லியிலேயே தனி விமானங்களுக்கென்று தனி முனையம் திறக்கப்பட்டது 2020 செப்டம்பரில்தான்.

மும்பையில் தனி விமானங்களை நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அதனால் பயணிகளை இறக்கிவிட்டு வேறு நகருக்குக் காலியாகப் பறந்து அங்கே நின்றுவிட்டு, கூப்பிட்டதும் மறுபடி காலியாகவே திரும்பி வரும் விமானங்கள் உண்டு. ஓடுதளம் மட்டும் அமைத்தால் செட்டிநாட்டிலும் இதுதான் நடக்கும். முகூர்த்தத்துக்காகப் பெங்களூரிலிருந்து வரும் விமானம் இங்கே நிற்கவோ எரிபொருள் போட்டுக்கொள்ளவோ முடியாதென்றால், திருச்சிக்கோ மதுரைக்கோ போய்த்தான் காத்திருக்கவேண்டும். அதற்கு அதன் உரிமையாளர் நேராக அங்கேயே இறங்கி, ஏறத்தாழ 90 கிலோமீட்டரைக் காரில் வந்துவிடுவார். நாம் கேட்டு வாங்கிய ஓடுதளத்தில் சீமைக்கருவேலம்தான் மண்டும்.

நீளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெனம் 300 போன்ற சிறிய ஜெட் இயல்பான சூழலில் மேலெழும்ப ஏறத்தாழ 3,200 அடி போதும். குளோபல் 6000 போன்ற பெரிய ஜெட்டுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். கோடையில் காற்று அடர்த்தி குறைவதால் இந்த அளவு இன்னும் கூடும். பெரிய ஜெட்டுக்கு ஆசைப்பட்டு ஓடுதளத்தை நீட்டினால், அதையொட்டிய கால்நடைப் பண்ணை நிலத்தின்மீதும் மேய்ச்சல் நிலத்தின்மீதும் கை வைக்கவேண்டி வரும். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சிறிய ஜெட்டுகளும் பிலாட்டஸ் பி.சி.12 போன்ற, சுழல்விசிறியால் பறக்கும் டர்போபிராப் விமானங்களும் வந்துபோனால் போதும். விமான ஆம்புலன்சாகவும் பயன்படும் வகை அது. நள்ளிரவில் நெஞ்சுவலியோடு ஒருவரைச் சாலை வழியாகவே கொண்டுபோகவேண்டிய இந்தப் பகுதிக்கு, கல்யாண விருந்தினரின் வசதியைவிட அந்த ஒரு பயன் பெரிது என்று நினைக்கிறேன்.

முதல் வேலையைத் திருச்சியிலும் மதுரையிலும் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. இரண்டு இடங்களிலும் ஓடுதளமும் எரிபொருளும் சுங்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. திருச்சியில் 2024 ஜனவரியில் புதிய முனையமும் திறந்துவைக்கப்பட்டது. அங்கே தனி விமானங்களுக்கென்று ஹேங்கரும் முழுமையான தரைச்சேவையும் அமைந்து, அந்த வேலையில் நம் பிள்ளைகள் நாலைந்து ஆண்டுகள் பழகிவிட்டால், செட்டிநாட்டில் சிறிய அளவில் தொடங்குவது எளிதாகும். விமானப் பழுதுபார்ப்புப் பணிகளுக்கான ஜி.எஸ்.டி. 2020இல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஓசூர் அருகே பெலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளத்தோடு பராமரிப்புப் பணியும் நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் புதிதல்ல.

காரைக்குடிக்கும் புதிதல்ல. வள்ளல் அழகப்பர் லண்டன் அருகே குராய்டனில் விமானம் ஓட்டக் கற்று உரிமம் பெற்றவர். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். அதே ஆண்டுகளில்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி காரைக்குடியில் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் பெயரில் பொறியியல் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருக்கிற ஊரில், விமானப் பராமரிப்புக்கும் தரைச்சேவைக்கும் ஒரு பயிற்சி வகுப்பைக் கேட்பது பேராசை ஆகாது.

செலவை யார் ஏற்பது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு பயணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், தனி ஜெட் வெளியிடும் கரியமிலவாயு வழக்கமான பயணிகள் விமானத்தைப்போல் பல மடங்கு. அந்த வசதியை அனுபவிக்கிறவர்களே இறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம், ஹேங்கர் வாடகை வழியாக முழுச் செலவையும் தரவேண்டும். மருத்துவ விமானத்துக்கு மட்டும் கட்டண விலக்கு அளிக்கலாம். அடுத்த முறை அரசுக்கு மனு எழுதுகிறவர்கள் ஓடுதளத்தோடு நிறுத்தாமல், எத்தனை விமானம் நிற்க இடம், எவ்வளவு எரிபொருள் இருப்பு, தீயணைப்புக்கு எத்தனை பேர், பயிற்சிக்கு எந்தக் கல்லூரி என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.