மனு போட வேண்டியது நானா?

எழுதக் கூடாது என்றுதான் நான்கு நாட்களாக இருந்தேன். என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதைத் திரும்ப எடுத்து ஒட்டப் போவதில்லை. கையில் ஊசி ஏற்றியபடி என் முன்னாள் கணவர் போட்ட அந்தப் புகைப்படம். அதன் கீழே, "இந்த நிலைமையில் இருப்பவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் மனிதர்கள்தானா?" என்று எங்கள் இருவருக்கும் நண்பரான ஒருவர் கேட்ட கேள்வி. அதற்கு வரிசையாக விழுந்த கண்ணீர் முகங்கள். என் பெயரை அந்த நண்பர் போடவில்லை. பெருந்தன்மை! பெயர் இல்லாமலேயே என் சித்தி மகள் வரைக்கும் புரிந்துவிட்டது. "அக்கா, நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்றாள்.

சரி, பொறுமையைப் பற்றியே பேசுவோம்.

ஆறு மாதமாக முன்னாள் கணவரிடமிருந்து ஜீவனாம்சம் வரவில்லை. அதற்காகத்தான் அந்த நோட்டீஸ். முதல் மாதம் வங்கியில் ஏதோ தாமதம் என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் ஒரு செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. மூன்றாம் மாதம் அவருடைய அண்ணனிடம் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான்காம் மாதம்தான் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது என்று தெரியவந்தது. அவர் சொல்லவில்லை, அண்ணன் சொல்லவில்லை. முகநூல் சொன்னது. பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு முகநூல் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. அன்று இரவு நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் நடிப்பு என்பீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். உடம்பு முடியவில்லையா, வருமானம் குறைந்துவிட்டதா, ஒரு மனு போடுங்கள். மருத்துவச் சான்றிதழை இணைத்து, முன்பு இவ்வளவு வந்தது, இப்போது இவ்வளவுதான் வருகிறது, என்னால் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லுங்கள். அதற்கு வழி இல்லாத ஊரா? இந்தியாவில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, இங்கிலாந்தில் 1973ஆம் ஆண்டு மணவழக்குச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. சட்டத்தின் பெயர்தான் வேறு, விஷயம் ஒன்றே. நிலைமை மாறிவிட்டது என்று காட்டினால் தொகையைக் குறைப்பார்கள். தேவையானால் நிறுத்தியும் வைப்பார்கள். ஆனால் யாராவது போய்க் கேட்டால்தான் அது நடக்கும். உத்தரவு தானாகப் படுத்துக்கொள்ளாது. அவர் படுக்கையில் இருந்தாலும் உத்தரவு எழுந்து நின்றுகொண்டுதான் இருக்கும், மாதாமாதம் நிலுவை ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதைச் சொன்னால் நான் கல்நெஞ்சக்காரி.

"நோயாளி எப்படிக் கோர்ட்டுக்கு அலைவார்?" என்று கேட்கிறீர்கள். அலைய வேண்டாம். விவாகரத்தின்போது ஒன்றுக்கு இரண்டாக வக்கீல் வைத்திருந்தாரே, அவர்களில் ஒருவர் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடப்பவரிடம் நான் இதைக் கேட்க மாட்டேன், அது வேறு. புகைப்படம் போட முடிகிறது. வருகிற ஆறுதல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல முடிகிறது. கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லையா?

பொறுத்திருக்கலாமே என்றவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவில் நிலுவைக்காக வாரண்ட் கேட்பதென்றால், அந்தத் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 12 மாதத்துக்கு மேல் பழசாகிப்போன நிலுவையை வசூலிக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதாவது, பொறு பொறு என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு மாதமும் என் கணக்கில் ஒரு மாதம் கரைகிறது. பொறுமைக்கும் காலாவதித் தேதி உண்டு. அதை எழுதியவள் நான் அல்ல.

அடுத்து, "உனக்குத்தான் வேலை இருக்கிறதே" என்றவர்கள். இருக்கிறது. இரண்டு சிறு நிறுவனங்களுக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுகிறேன். முன்பு முழுநேர வேலையில் இருந்தேன். அதை ஏன் விட்டேன் தெரியுமா? அவருடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்தார்கள். ஒரு ஆளை வைக்கலாம் என்றேன். "வெளியாள் கை பட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது" என்றார். என் கை பட்டது. நான்கு வருடம். புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்த்து, குழாயில் கஞ்சி ஊற்றி. அத்தை போன பிறகு நான் வேலை தேடிப் போனபோது, எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்த பெண் மேலாளராக உட்கார்ந்து என்னை நேர்காணல் செய்தாள். நல்ல பெண், எனக்காகச் சங்கடப்பட்டாள். அந்த நான்கு வருடத்துக்குக் கணக்குப் பார்த்துத்தான் நீதிபதி ஒரு தொகையைச் சொன்னார். பிச்சை என்றோ இரக்கம் என்றோ அந்த உத்தரவில் எங்கும் எழுதவில்லை. ஆகவே நோயாளியின் கஷ்டம் எனக்குத் தெரியாது என்று தயவுசெய்து யாரும் வந்து பாடம் நடத்தாதீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டாம் நாளே அவர் அலுவலக வேலையாக வெளியூர் போய்விட்டார். வீட்டுக்கு அனுப்பும் படிவத்தில் 'அழைத்துச் செல்பவர்' என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். செவிலி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். அன்றைக்கு மனிதாபிமானம் எங்கே போயிருந்தது என்று கேட்க யாரும் பதிவு போடவில்லை.

என் ஒருத்தியின் கதை இல்லை இது. 2009இல் 'கேன்சர்' என்ற மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. மூளைக் கட்டி, புற்றுநோய், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கடும் நோய் வந்த 515 பேரைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நோயாளி பெண்ணாக இருந்தால் 20.8 சதவீதத்தினரின் மணவாழ்க்கை முறிந்திருக்கிறது. நோயாளி ஆணாக இருந்தால் 2.9 சதவீதம். படுக்கையில் விழுந்தவரை விட்டுவிட்டுப் போகிறவர் யார் என்று இனிமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

எங்கேயோ போய்விட்டேன். ஜீவனாம்சத்துக்கு வருகிறேன்.

"அவரை ஜெயிலுக்கு அனுப்பினால்தான் உனக்கு நிம்மதியா?" இதைக் கேட்டவர் ஒரு பெண். இல்லை அம்மா. ஜெயிலுக்குப் போனால் எனக்கு என்ன கிடைக்கும்? சிறைக்குப் போய்வந்தாலும் ஜீவனாம்ச நிலுவை தீராது, சிறை என்பது கட்டவைக்கும் வழிதான் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் ஒருவர் திவாலானால்கூட மற்ற பல கடன்கள் போகும், ஜீவனாம்சக் கடன் போகாது. காரணம் எளிது. ஒரு ஆளின் அடுத்த வேளைச் சாப்பாட்டை வங்கிக் கடனோடு சேர்த்து எழுதித் தள்ள முடியாது.

நியாயமான ஒரு வாதத்தையும் ஒப்புக்கொள்கிறேன். உண்மையிலேயே கையில் ஒன்றுமில்லாமல், நோயோடு, கட்ட முடியாத தொகைக்காகப் பிடிவாரண்டில் நிற்கிற ஆண்கள் இருக்கிறார்கள். அநியாயம்தான். அவர்களிடமும் நான் சொல்வது இதையே: நிலுவை மலையாவதற்கு முன் மனு போடுங்கள். எல்லா ஊரிலும் பழைய தேதியிலிருந்து குறைத்துத் தருவார்கள் என்று நம்பியிருக்காதீர்கள். தாமதித்த மாதங்களுக்கு நீங்களே பொறுப்பாவீர்கள். இதற்கு மேல் அந்தப் பக்கத்துக்கு வாதாட எனக்கு மனமில்லை. வாதாட அங்கே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கடைசியாக அந்த நோட்டீஸ். எல்லோரும் அதைப் பற்றிப் பேசினீர்கள், யாராவது படித்தீர்களா? மொத்தம் ஒன்றரைப் பக்கம். முதல் பக்கத்தில் நிலுவைக் கணக்கு. அடுத்த அரைப் பக்கத்தில், சிகிச்சை முடியும் வரை தொகையைக் குறைக்கும்படி எதிர்த்தரப்பு மனு செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று இருக்கிறது. "இதெல்லாம் நாமே எழுதிக் கொடுக்கக் கூடாதும்மா" என்றார் என் வக்கீல். நான்தான் எழுதச் சொன்னேன்.

அதற்கும் இதுவரை பதில் இல்லை. நேற்று ஒரு புதுப் புகைப்படம் போட்டிருக்கிறார். நன்றாக இளைத்துவிட்டார்.