ஆராய்ச்சியே சொல்லிடுச்சாம்!

சைவமா அசைவமா பட்டிமன்றத்தில் நான் மாட்டிக்கொண்ட அந்த வீடியோ எனக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பழைய மாணவிகள் அனுப்பினார்கள். குடும்பக் குழுவில் சித்தியே போட்டு, கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையும் வைத்திருந்தார். இனி யாரும் அனுப்ப வேண்டாம், பார்த்தாயிற்று. "டீச்சருக்குக் கால்சியம் பத்தல, அதான் கோவம் பொத்துக்கிட்டு வருது" என்று நடுவர் சொல்வதும், அரங்கமே சிரிப்பதும், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழிப்பதும் தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் நான் என்ன பேசினேன் என்பதுதான் அதில் இல்லை. அதை எழுதத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும். சிரித்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆராய்ச்சியை மேடையில் தூக்கி வீசுவதற்கு முன்னால், அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று பாருங்கள்.

சைவமா அசைவமா என்று பட்டிமன்றம் வைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. பாளையங்கோட்டையில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதே தலைப்பு வரும், நாமும் போய்ச் சிரித்துவிட்டு வருவோம். ஆனால் இந்த முறை இரண்டு அணியும் ஆராய்ச்சியோடு வந்திருந்தன. அசைவ அணித் தம்பி, "ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமே சொல்லிடுச்சு, சைவம் சாப்பிட்டா பக்கவாதம்!" என்றார். கைதட்டல். கொஞ்ச நேரத்தில் சைவ அணித் தங்கை எழுந்து, "ஆக்ஸ்போர்டே சொல்லியிருக்கு, சைவம் சாப்பிட்டா மாரடைப்பு கிட்டயே வராது!" என்றார். அதற்கும் கைதட்டல். தட்டியதும் அதே கைகள்தான்.

இரண்டு பேரும் ஒரே கட்டுரையை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை அது. 48,188 பேரை 18 வருஷம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கறி சாப்பிடுகிறவர்களைவிடச் சைவக்காரர்களுக்கு இதயநோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். கேட்டால் வரவும் செலவும் சரியாகப் போச்சு என்றுதான் தோன்றும். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆயிரம் பேரைப் பத்து வருஷம் பார்த்தால் இதயநோய் வருகிறவர்கள் 10 பேர் குறைவு, பக்கவாதம் வருகிறவர்கள் 3 பேர் அதிகம். இப்போது எப்படி இருக்கிறது? சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டு எத்தனை பேர் என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் வகுப்பில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புள்ளியியல் டீச்சர் அதற்கு எழுந்து நிற்காமல் வேறு எதற்கு எழுந்து நிற்பாள்?

அப்புறம், அந்த 48,188 பேர் யார்? 1993-லிருந்து 2001-க்குள் ஆய்வில் சேர்ந்த பிரிட்டன்காரர்கள். பால், முட்டைகூடத் தொடாத வீகன்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களையும் பால் குடிக்கும் சைவக்காரர்களோடு ஒரே கூட்டமாகச் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்தார்கள். அவர்கள் சைவத்தில் சீஸ் உண்டு. நம் சைவத்தில் புளிக்குழம்பும் வடித்த சோறும் உண்டு. அங்கே வந்த எண்ணை அப்படியே தூக்கிவந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இறக்கினால் அது என்ன செய்யும், பாவம்?

சைவ அணி மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. "அமெரிக்காவில 73 ஆயிரம் பேரைப் பார்த்தாங்க, சைவக்காரங்களுக்குச் சாவு 12 சதவீதம் கம்மி" என்று ஒருவர் முழங்கினார். எண் சரிதான், 2013-ல் வந்த ஆய்வு. கலிஃபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகம் நடத்தியது. ஆனால் அந்த 73 ஆயிரம் பேரும் செவந்த் டே அட்வென்டிஸ்ட் சபைக்காரர்கள். புகை, குடி இரண்டும் அநேகமாகக் கிடையாது. சபையில் கறி சாப்பிடுகிறவரும் மற்ற அமெரிக்கர் மாதிரி அள்ளிப்போட்டுச் சாப்பிடுகிறவர் இல்லை. இன்னொன்று, அந்த 12 சதவீத நன்மை ஆண்களிடம்தான் பளிச்சென்று தெரிந்தது, பெண்களிடம் அவ்வளவாக இல்லை. அதை மேடையில் யாராவது சொன்னார்களா? சொன்னால் கைதட்டல் பாதியாகிவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் 22 ஜோடி இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. அதை எனக்கு அனுப்பாத வீகன் நண்பரே கிடையாது. ஒருவருக்கு வீகன் சாப்பாடு, கூடப் பிறந்தவருக்குக் கறி மீன் முட்டை எல்லாம் உள்ள நல்ல சாப்பாடு. வீகன் பக்கம் கெட்ட கொழுப்பு கூடுதலாக இறங்கியது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மொத்தம் 8 வாரம். அதில் முதல் 4 வாரம் சாப்பாடு வீட்டு வாசலுக்கே வந்தது. எனக்கும் ஒருத்தர் 4 வாரம் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தால் கொழுப்பென்ன, கோபமே இறங்கிவிடும்.

இவ்வளவையும் மேடையில் சொல்ல விடவில்லை. முதல் பாதியைச் சொன்னதும் யாரோ நடுவர் காதில் "டீச்சர் பால்கூடக் குடிக்க மாட்டாங்க" என்று போட்டுக்கொடுத்தார்கள். அவருக்கு அது போதும். அதற்குப் பிறகு நான் சொன்ன எண் எதுவும் எண் இல்லை. நான் ஒரு சீக்காளி.

பதில் அன்றைக்கு வாயில் வரவில்லை, இன்றைக்கு எழுதுகிறேன். 2014-ல் எடுத்த அரசுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இதே தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த அரங்கத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேரின் கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துத்தான் இருக்கும். அவர்கள் யாரும் வீகன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து, சட்டியில் ஒட்டிய மசாலாவைச் சோறு போட்டுப் பிரட்டிச் சாப்பிடுகிறவளும் அந்த 97-ல் அடக்கம். அவளைப் பற்றி ஒரு பட்டிமன்றம் வையுங்களேன்.

நான் பாலை விட்டதற்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சேரன்மாதேவிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு நின்றது. ஒரு ஈற்றில் கன்று செத்துப்போனது. கன்று முட்டாமல் அது மடி இறக்காது. சொசைட்டிக்குப் பால் ஊற்றியாக வேண்டும், வாங்கிய கடன் நிற்கிறது. அப்பா ஆள் கூட்டிவந்து, கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக நட்டு முன்னால் நிறுத்தினார். முதுகில் தவிட்டுத் தண்ணீரைத் தடவினார்கள். மாடு நக்க ஆரம்பித்தது. நக்க நக்கக் கீழே செம்பில் பால் நுரைத்துக்கொண்டு வந்தது. சில நாளில் தோல் காய்ந்து ஓரமாகப் பிரிந்து வைக்கோல் வெளியே தெரிந்தது. அப்போதும் அது நக்கியது. அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பாலில்தான் எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினார். ஆனால் பெரியவளாகி, என் சம்பளத்தில் என் அடுப்பில் சமைக்க ஆரம்பித்த பிறகு, பால் வேண்டாம் என்று தோன்றியது. விட்டுவிட்டேன். இதில் கொழுப்பு எங்கே வந்தது, பக்கவாதம் எங்கே வந்தது?

அம்மா இன்றைக்கும், "ஏட்டி, ஒரு வாய் மோராவது குடியேன்" என்பாள். அவளிடம் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. மற்றவர்கள்தான். காய்ச்சல் வந்தால் பால் குடிக்காததுதான். முடி கொட்டினால் பால் குடிக்காததுதான். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுப் படியில் கால் பிசகியது, வெறும் சுளுக்கு. மதினி அன்று ராத்திரியே ஒரு சுட்டி அனுப்பினார்கள்: வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம். அந்த ஆய்வை நான் ஒதுக்கவில்லை. அதுவும் அந்த ஆக்ஸ்போர்டு கூட்டத்தை வைத்து 2020-ல் வந்ததுதான். இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கு மேல் என்கிறது. அதில் வீகன்கள் சுமார் 2,000 பேர், கால்சியம் குறைவாகச் சாப்பிட்டவர்கள், உடம்பும் ஒல்லி. இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுக்க மறையவில்லை என்பதையும் படித்தேன். அதனால்தான் கேழ்வரகும் எள்ளுத் துவையலும் முருங்கைக்கீரையும் என் வீட்டில் தவறுவதில்லை. ஆனால் சுளுக்குப் பிடித்த காலோடு படுத்திருப்பவளுக்கு முதலில் ஒரு ஃபோன் போட்டு வலிக்கிறதா என்று கேட்கலாம். சுட்டியை மறுநாள் அனுப்பலாம்.

இனி, கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு.

"செடிக்கும் உயிர் உண்டு, ஜெகதீஷ் சந்திர போஸ் சொல்லியிருக்கார்." சரி. அடுத்து.

"பாதாம் பால் குடிக்கிற பணக்காரப் பழக்கம்." நான் குடிப்பது கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. பாதாம் பால் விலை எனக்குத் தெரியாது. விசேஷம் என்றால் சொதி வைப்பேன். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அதில் எந்த மாடும் சம்பந்தப்படவில்லை. திருநெல்வேலிக்காரனுக்கு வீகன் சாப்பாடு என்றால் என்ன என்று அமெரிக்காவிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது சாதித்திமிர்தானே, சைவம் என்றாலே எந்தத் தெரு என்று தெரியாதா?" இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, இதுதான் வலிக்கவும் செய்கிறது. தெரியும். இந்த ஊரில் சைவம் என்ற பெயரில் யாரை எந்தத் திண்ணையில் ஏற்றவில்லை என்று என் ஆச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறி, மற்ற நாளில் நெத்திலிக் கருவாடு. இன்றைக்கும் அம்மா சமைக்கிறாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். பால், நெய், வெண்ணெய் எதையும் தொடாதவளைச் சைவத் திமிர் என்றால், நெய்யில் மிதக்கிற சைவக்காரர்கள் என்னை ஏன் கல்யாணப் பந்தியில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்? யாரும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டீர்கள், ஆனால் பட்டம் மட்டும் கட்டிவிடுவீர்கள். கறிக்கடை வைத்திருப்பவனைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவன் ஒரு வீகன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவனை முதலில் விரட்டுகிறவள் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது என் வீகன் நண்பர்கள் முறை. சத்துணவில் முட்டை வேண்டாம் என்று மனுவில் கையெழுத்துக் கேட்டு வந்தீர்களே, நான் போடவில்லை என்று குழுவிலிருந்தே நீக்கினீர்களே. இன்றைக்கும் போட மாட்டேன். நான் சத்துணவு சாப்பிட்டவள். எங்கள் காலத்தில் எப்போதாவது ஒரு நாள்தான் முட்டை. அன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளை லீவு எடுக்காது. மஞ்சள் கருவைக் கடைசிக்கு வைத்திருந்து, உள்ளங்கையில் உதிர்த்து நக்கிச் சாப்பிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கு வாரத்தில் 5 நாள் முட்டை. வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் இருக்கிறது. வீட்டில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளையின் தட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டு இரட்டையர்களை வைக்கப் போகிறீர்களா? அந்த 22 ஜோடியில் மானூரிலிருந்து யார் போனார்கள்? என் தட்டு என் விருப்பம். அந்தப் பிள்ளையின் தட்டில் கை வைக்க எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. மாட்டுக்கறி சாப்பிடுகிறவனை அடிக்கிற கூட்டம் என் பதிவைப் பகிர்ந்தால் உடனே தடுத்துவிடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஆட்களைப் பார்த்துச் சொன்ன ஆராய்ச்சியும் உண்டு. புனே பக்கத்துக் கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 1990-களில் கர்ப்பிணிகளைப் பார்க்க ஆரம்பித்து, பிறந்த பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்தார்கள். தாய்மார்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு பி12 வைட்டமின் குறைவு. பி12 குறைந்து, ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் கூடியிருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு 6 வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி கூடுதல். அவர்கள் யாரும் வீகன் இல்லை, பால் விலக்கில்லாத வீட்டுப் பெண்கள். ஒரு டம்ளர் பால் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நடுவருக்கு இதை யாராவது அனுப்பி வையுங்கள். இதற்குக் கைதட்டல் கிடைக்காது, அதனால் மேடைக்கும் வராது.

கடைசியாக, "மாத்திரை போட்டு உயிர் வாழ்கிற சாப்பாடு என்ன சாப்பாடு?" என்பவர்களுக்கு. ஆமாம், பி12 மாத்திரை போடுகிறேன். பி12-ஐ மாடும் செய்வதில்லை, செடியும் செய்வதில்லை, நுண்ணுயிர்தான் செய்கிறது. மாட்டுக்கு அதன் இரைப்பையில் இருக்கிறது, எனக்கு மருந்துக்கடையில் இருக்கிறது. நீங்கள் சாப்பிடுகிற தூத்துக்குடி உப்பில் அயோடின் கலந்துதான் விற்க வேண்டும் என்று 2006-லிருந்து சட்டம். உங்கள் கறிக்குழம்பிலும் அந்த உப்புத்தான். அதை யாரும் மேடையில் எழுந்து கேட்டதில்லை. என் ரத்தப் பரிசோதனை முடிவையும் இங்கே போடச் சொல்லி நேற்று ஒருவர் எழுதியிருந்தார். போட மாட்டேன். முதலில் நீங்கள் உங்களுடையதைப் போடுங்கள் சார்.