விக்கிப்பீடியா பக்கம் நீக்கப்பட்டது மலையாளிகள் புகாராலா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நம் வட்டாரத் தமிழ்க் கலைஞரின் ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தை மலையாளிகள் புகார் செய்து தூக்கிவிட்டார்கள். ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டால் திரும்ப வரும்." இரண்டுமே தவறு.

நீக்கல் பதிவிலேயே காரணம் இருக்கிறது: பக்கத்தில் ஒரு சான்றுகூட இல்லை. உயிரோடு இருப்பவர் பற்றிய கட்டுரை அப்படி இருந்தால், அவகாசம் கொடுத்து நீக்கலாம் என்பது 2010 முதல் உள்ள விதி; அந்த அவகாசம் இப்போது 7 நாள். எந்த மொழிக்காரர், எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் அதில் வராது. 2005இல் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய், அவருடைய பக்கத்தில் நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. ஒரு மனிதரின் பெயர் அப்படிக் கெடக்கூடாது என்றுதான் இவ்வளவு கண்டிப்பு. அது நம் கலைஞருக்கும் பாதுகாப்புதான்.

சரி, ஓட்டு? நீக்கலாமா என்று விவாதம் நடந்தாலும் தலை எண்ணி முடிவு செய்வதில்லை, வாதத்தைத்தான் பார்ப்பார்கள். திடீரென்று நூறு புதுக் கணக்குகள் வந்து நின்றால் சந்தேகம்தான் கூடும்.

"பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம்" என்பவர்களை தயவுசெய்து நம்பாதீர்கள். இப்படிப் பணம் பறித்த கும்பலின் 381 கணக்குகள் 2015இல் தடைசெய்யப்பட்டன.

நீக்கிய பக்கத்தை விக்கிப்பீடியா நிர்வாகிகளால் இன்னும் பார்க்க முடியும். நம் கலைஞரைப் பற்றி நாளிதழ்களில் வந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து அவர்களிடம் சான்றாகக் காட்டுங்கள். மீட்கும்படி கேட்கலாம், காசு வேண்டாம்.