டிஎன்ஏ மடிப்பைக் காகிதத்தில் தொடங்காதீர்கள்

டிஎன்ஏவை மடித்து நானோ எந்திரம் செய்வதைச் சொல்லித்தரக் கிளம்பினால், நம்மாட்கள் முதல் வேலையாகப் பிள்ளைகள் கையில் வண்ணக் காகிதத்தைக் கொடுத்துக் கொக்கு செய்யச் சொல்கிறார்கள். பாடம் அங்கேயே தடம் மாறிவிடுகிறது. டிஎன்ஏவில் தாளே கிடையாது. இருப்பது ஒரே ஒரு நீள இழை. அதை வளைத்துப் பிடித்து நிறுத்த இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகள். அமெரிக்க விஞ்ஞானி பால் ராத்மண்ட் 2006-இல் செய்துகாட்டியது அதுதான்.

காகிதத்துக்குப் பதில் கயிற்றை எடுங்கள். நம் ராமநாதபுரம் கரையில், மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் கயிற்றுக்கும் வலைநூலுக்கும் என்ன பஞ்சமா?

6 எம்எம் கயிறு ஏழேகால் மீட்டர் வாங்குங்கள். ஒரு எம்எம் டிஎன்ஏவின் ஓர் எழுத்து (A, T, G, C-இல் ஒன்று) என்று வையுங்கள். அவர் எடுத்த எம்13 வைரஸ் இழையின் 7249 எழுத்தும் அடங்கிவிடும். குட்டி இழைகள் ஜோடி சேர்ந்ததும் உருவாகும் இரட்டைச்சுருளின் 2 நானோமீட்டர் தடிமனும் ஏறக்குறைய அதே அளவீட்டில் வந்துவிடும். 30 செ.மீ.க்கு ஒரு மடிப்பாக முன்னும் பின்னும் போட்டால் 24 வரிசை.

அடுத்தது கட்டு. 16 எம்எம்முக்கு ஒரு புள்ளி வைத்து, ஒன்றை மேல் வரிசையோடும் அடுத்ததைக் கீழ் வரிசையோடும் வலைநூலால் (இதுதான் குட்டி இழை) கட்டச் சொல்லுங்கள். நாலைந்து வரிசை போதும், முழுக்கக் கட்டினால் பீரியட் முடிந்துவிடும். ஏன் 16? சுருளில் இழை சுற்றிப் போவதைக் காட்ட, கயிற்றில் சிவப்பு நூலை 32 எம்எம்முக்கு மூன்று சுற்றாகச் சுற்றுங்கள். 16-இல் நூல் சரியாக எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். 13-இல் பார்த்தால் வானத்தைப் பார்த்து நிற்கும். பக்கத்து வரிசையைப் பிடிக்காது. இதிலும் ஒரு சிக்கல். 32-க்கு மூன்று என்றால் சுற்றுக்கு 10.67 எழுத்து, டிஎன்ஏவின் இயல்போ 10.5. இந்தத் துளி வித்தியாசம் வரிசை நெடுகச் சேர்ந்து, நிஜ டிஎன்ஏ வடிவம் முறுக்கிக்கொள்ளும். அங்கங்கே ஓர் எழுத்தைக் கழித்து வடிவமைப்பது அதற்குத்தான்.

எந்திரம் என்றால் அசைய வேண்டும். இரண்டு விறைப்பான பலகைகளுக்கு நடுவே ஜோடி சேராத ஒற்றை இழையைக் கொஞ்சம் விட்டால் அதுவே கீல். பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி மாதிரி. ஆனால் இங்கே இயக்க ஆளோ மோட்டாரோ கிடையாது. மூலக்கூறுகளின் ஓயாத ஆட்டம்தான் அசைக்கிறது. இரண்டு பலகைகளையும் மூடிப் பிடித்திருக்கும் பூட்டு இழையில் ஏழெட்டு எழுத்தைத் தனியே தொங்கவிட்டால், சாவி இழை அதைப் பற்றி மீதியையும் உரித்தெடுக்கும், பலகைகள் திறக்கும்.

கல்லூரி ஆய்வகம் இருந்தால்: நீள இழை 10 நானோமோலார், குட்டி இழை ஒவ்வொன்றும் 100, டிஏஈ (டிரிஸ், அசிட்டேட், ஈடிடிஏ கலந்த) பஃபரில் மக்னீசியம் 12.5 மில்லிமோலார். 95 டிகிரியிலிருந்து 20-க்கு இரண்டு மணி நேரத்தில் இறக்குங்கள். தட்டையான வடிவங்களுக்கு இது போதும்; கனவடிவங்களுக்கு நாள்கணக்கில்கூட ஆகலாம்.

"கடல்தண்ணியே போதாதா சார்?" என்று இந்தக் கரையில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். நல்ல கேள்வி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மக்னீசியம், நமக்குத் தேவை 0.3 கிராம்தான். ஆனால் டிஎன்ஏவை அறுக்கும் நொதிகளும் அதில் மிதக்கின்றன. வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது, மடிந்ததா என்று பார்க்க மின்சாரத்தில் ஓட்டும் ஜெல்லில். ஓட்டும் பஃபரில் மக்னீசியம் சேர்க்க மறந்தால், அந்தப் பஃபரில் உள்ள ஈடிடிஏ, இருக்கும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். மின்சுமையால் வரிசைகள் ஒன்றையொன்று தள்ளி, மடிந்தது பிரிந்து மங்கலாக இழுபடும். 11 மில்லிமோலார் சேருங்கள், பெட்டியை ஐஸில் வையுங்கள். அடியில் வேகமாக ஓடும் பட்டை மிஞ்சிய குட்டி இழைகள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.